தூக்கி எறியும் முன் துளையைப் பாருங்கள்!



திங்கட்கிழமை காலை. பள்ளி வேன் வர இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது. அம்மா அவசரமாக உங்கள் சீருடையைத் தேய்க்கிறார். 'புஸ்' என்று ஆவி வர வேண்டிய பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிறது. வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை. நீலப் பாவாடையில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். உடனே வீட்டில் ஒரு குரல் எழும். "இது அவ்வளவுதான். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாம்!"

இந்தப் பேச்சைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் அந்தப் பெட்டி கெட்டுப் போயிருக்காது. அதற்கு அடைப்பு, அவ்வளவுதான். மூக்கடைப்பு வந்த பிள்ளையை யாராவது வீட்டை விட்டு அனுப்புவார்களா? ஆவி பிடிக்க வைப்போம், இல்லையா? இஸ்திரிப் பெட்டிக்கும் அதே வைத்தியம்தான்!

முதலில் இந்த நீராவி இஸ்திரிப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அடியில் ஓர் உலோகத் தகடு. மின்சாரம் பாய்ந்தால் அதனுள் இருக்கும் கம்பிச் சுருள் சூடாகும், தகடும் சூடாகும். மேலே ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து தண்ணீர் துளித்துளியாகச் சூடான தகட்டின் உட்புறம் விழும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். தகடு அதைவிட அதிகச் சூட்டில் இருப்பதால், விழுந்த வேகத்தில் தண்ணீர் ஆவியாகி, அடியில் உள்ள துளைகள் வழியே வெளியே வரும். துணியின் நூல் நெகிழும், சுருக்கம் ஓடிவிடும்.

சரி, தண்ணீர் ஏன் சொட்டுகிறது? பெட்டியில் உள்ள திருகைப் பாருங்கள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று போட்டிருக்கும். உங்கள் சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் சின்னத் துணிச் சீட்டிலும் இதே புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. நைலானுக்கு ஒன்று, பாலியெஸ்டருக்கும் கம்பளிக்கும் இரண்டு, பருத்திக்கு மூன்று. ஒரு புள்ளியில் வைத்துவிட்டு ஆவியைத் திறந்தால் தகட்டில் சூடு போதாது. தண்ணீர் அப்படியே வழியும். இது நோயே இல்லை!

இன்னொன்று. பெட்டியில் எரியும் சின்ன விளக்கு திடீரென அணைந்தால் "ரிப்பேர்!" என்று கத்தாதீர்கள். உள்ளே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கிறது. போதுமான சூடு வந்ததும் அது மின்சாரத்தை நிறுத்தும். ஆறியதும் மறுபடி இணைக்கும். விளக்கு அணைந்தால், பெட்டி தயார் என்று பொருள்.

இப்போது உண்மையான நோய்க்கு வருவோம். அதன் பெயர் உப்பு. சமையல் உப்பு அல்ல. கால்சியம், மக்னீசியம் கலந்த உப்புகள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல ஊர்களில் இவை அதிகம். அதைத்தான் 'கடின நீர்' என்கிறோம். சூடாக்கும்போது தண்ணீர் ஆவியாகப் போய்விடும். உப்பு எங்கே போகும்? வெள்ளைப் படிவாக உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதே சமாசாரம்தான். நாளடைவில் துளைகள் அடைபடும். உதிர்ந்த துணுக்குகள் ஆவியோடு வந்து உங்கள் பாவாடையில் விழும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவன். 'கடின நீர் என்றால் என்ன?' என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. வகுப்பே ஒப்பித்துவிடும்! ஆனால் அந்தக் கடின நீர்தான் தன் சட்டையில் புள்ளி வைக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாடம் புத்தகத்தில் மட்டும் இருந்தால் மதிப்பெண் கிடைக்கும். வீட்டுக்குள் வந்தால்தான் அறிவு கிடைக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, முட்டை ஓட்டுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். ஓட்டின் மேல் குமிழ் குமிழாக வரும். அது கரியமில வாயு. முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பெட்டிக்குள் படிவதிலும் பெரும்பகுதி அதுதான். புளிப்பு அதைக் கரைக்கிறது. அதற்காக வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ நேராகப் பெட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். சில பெட்டிகளுக்கு அது ஆகாது. பெட்டியோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ, அதன்படிதான் செய்ய வேண்டும்.

பல பெட்டிகளில் 'செல்ஃப் கிளீன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, திருகை அதிகச் சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பெட்டியை வாஷ்பேசினுக்கு மேல் படுக்கையாகப் பிடித்து, பொத்தானை அழுத்தி, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கொதிநீரும் ஆவியும் உப்புத் துணுக்குகளும் கொட்டும். இது அப்பா, அம்மா செய்ய வேண்டிய வேலை. நீங்கள் தள்ளி நின்று, கையேட்டைப் படித்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் வேலை உண்டு. பிளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறிய பிறகு, ஈரத் துணியால் தகட்டைத் துடைக்கலாம். துளையின் வாயில் ஒட்டியதைப் பஞ்சு சுற்றிய குச்சியால் எடுக்கலாம். கத்தி, ஊக்கு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதுவும் வேண்டாம். தகட்டில் கீறல் விழுந்தால் துணியில் சிக்கும். தேய்த்து முடித்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பெட்டியை நிமிர்த்தி வையுங்கள்.

ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் நாம் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஒயரின் மேலுறை கிழிந்திருந்தால், பிளக் கருகிய வாடை வந்தால், தொட்டால் லேசாக 'ஷாக்' அடித்தால், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். சுவிட்சை அவர்கள் அணைக்கட்டும். பிறகு மின் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். திருகாணியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். மூன்று ஊசி பிளக்கில் ஓர் ஊசி மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருக்கிறதே, அது 'எர்த்' இணைப்பு; நம் உயிர் காக்கும் ஊசி. ஒரு கணக்கும் போடுங்கள். பெட்டியில் 1,600 வாட் என்று எழுதியிருந்தால் அதை 230 வோல்ட்டால் வகுங்கள். ஏறக்குறைய 7 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் சின்ன சாக்கெட்டில் செருகலாமா? கூடாது!

"எதற்கு இவ்வளவு பாடு? புதிது வாங்கிவிடலாமே!" என்று சிலர் கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் புதுப் பெட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள்? அதே உப்புத் தண்ணீரைத்தானே! அந்தப் பெட்டிக்கும் அதே அடைப்பு வரும். நோய் தண்ணீரில் இருக்கும்போது பெட்டியை மாற்றி என்ன பயன்? வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் அதை ஊற்றலாமா என்று கையேட்டில் பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பொருளை மாற்றுகிறவருக்குச் செலவு ஓயாது. உங்கள் அப்பாவோ அம்மாவோ உழைத்துச் சம்பாதித்த பணம் அது.

'ஏன்?' என்று கேட்டால் பெரிய காரியங்களும் நடக்கும். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பள்ளி மாணவியாக இருந்தபோது, இஸ்திரி வண்டிகளில் ஏன் கரி எரிய வேண்டும் என்று யோசித்தார். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020ல் ஸ்வீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு பெற்றார். 2021ல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டிலும் பேசினார். 

கடைசியாக ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. துணி தேய்ப்பது அம்மா வேலை, அக்கா வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சட்டை போடுகிற எல்லோருக்கும் அது சொந்த வேலை. இப்போது பெட்டியைத் துடைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கொஞ்சம் வளர்ந்ததும், பெரியவர்கள் துணையோடு தேய்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டியின் கையேடு எங்கே இருக்கிறது என்று வீட்டில் தேடி எடுங்கள். அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். பிளக்கில் செருகாத, ஆறிய பெட்டியைத் திருப்பி, எத்தனை துளைகள், எத்தனை அடைபட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

என்ன, எண்ணுவீர்கள்தானே?