பொடி எழுத்தில் பறிபோகும் வழக்குரிமை

2023-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னி வளாகத்து உணவகம் ஒன்றில் சாப்பிட்ட பெண் மருத்துவர் கடும் ஒவ்வாமையால் இறந்துபோனார். கணவர் வழக்குத் தொடர்ந்தார். அவர் 2019-இல் டிஸ்னி பிளஸ் சந்தாவைச் சோதனைக்கு எடுத்தபோதே, எந்தத் தகராறானாலும் தனியார் நடுவரிடம்தான் போவதாக ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வாதாடியது டிஸ்னி. படம் பார்க்க எடுத்த சந்தா, மனைவியின் சாவுக்கு நியாயம் கேட்கும் கதவை அடைக்குமாம்! கண்டனம் வலுத்த பிறகே, 2024 ஆகஸ்டில், அந்த வாதத்தை நிறுவனம் கைவிட்டது.

நடுவர் தீர்ப்புக்கான அமெரிக்கச் சட்டம் 1925-இல் வந்தது. வணிகர்கள் தங்களுக்குள் எழும் பூசல்களைச் சீக்கிரம் தீர்த்துக்கொள்வதே அதன் முதன்மை நோக்கம். இன்று அது செல்போன் இணைப்பிலும் வங்கி அட்டையிலும் வேலை நியமனத்திலும் நுழைந்துவிட்டது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். மேல்முறையீட்டுக்கு ஏறக்குறைய வழியே இல்லை. இலவசம் என்று தந்த போனுக்கு 30 டாலர் 22 சென்ட் வரி வசூலித்ததை எதிர்த்த கூட்டு வழக்கை, 2011-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் முடக்கியது. முப்பது டாலருக்காகத் தனி ஆளாக யார் வக்கீல் வைப்பார்? 2018-இல் தொழிலாளர்களின் கூட்டு வழக்குக்கும் அதே கதி நேர்ந்தது.

நடுவர் முறை மலிவானது, விரைவானது என்கின்றன நிறுவனங்கள். அப்படியானால் உணவு விநியோக நிறுவனமான டோர்டேஷ் ஏன் பின்வாங்கியது? உணவு கொண்டுசேர்க்கும் ஊழியர்கள் 5,000-க்கும் மேற்பட்டோர், நிறுவனமே எழுதிய விதிப்படி தனித்தனியாக நடுவரிடம் முறையிட்டார்கள். பல லட்சம் டாலர் கட்டணம் கட்ட வேண்டிவந்ததும் நிறுவனம் மறுத்தது. 2020-இல் நீதிமன்றம் தலையிட்டு, எழுதிய விதிக்குக் கட்டுப்படு என்றது.

சட்டம் நினைத்தால் இதை மாற்ற முடியும். ஃபாக்ஸ் நியூஸ் தலைவர்மீது 2016-இல் பாலியல் தொல்லைக்காக வழக்குத் தொடர்ந்த கிரெட்சன் கார்ல்சன், பிறகு இத்தகைய நடுவர் விதிக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடினார். 2022 மார்ச்சில் சட்டம் வந்தது. பாலியல் தொல்லை வழக்குகளில் நீதிமன்றமா, நடுவரா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவுசெய்யலாம். இந்த உரிமை, கூலி பிடிக்கப்பட்டவருக்கும் ஏமாற்றப்பட்ட நுகர்வோருக்கும் மட்டும் ஏன் இல்லை? இந்தியாவில், ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்துவிட்டது.

தகராறு எழும் முன்பே தொழிலாளரிடமும் நுகர்வோரிடமும் வாங்கப்படும் இத்தகைய ஒப்புதலைச் செல்லாததாக்கும் மசோதா, 2019-இலும் 2022-இலும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. செனட் அதை நிறைவேற்றியாக வேண்டும்.