பதினாறு வயதில் ஒரு கல்லூரி கிரேடு

அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றை எடுக்கிறாள். அதே பாடம் அவளுடைய பள்ளிச் சான்றிதழுக்கும் கணக்காகிறது. பக்கத்துக் கல்லூரியில் மூன்று கிரெடிட்டாகவும் சேர்கிறது. இதை அங்கே ‘டூயல் கிரெடிட்’ என்கிறார்கள். 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் குறைந்தது ஒரு கல்லூரிப் பாடத்தையாவது படித்திருக்கிறார்கள். இரண்டாண்டுப் பட்டம் தரும் சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளியை முடிக்காதவர். முதல் வரிசை மாணவர்களுக்கான சலுகையாகத் தொடங்கிய ஏற்பாடு, இன்று உயர்கல்விக்குள் நுழையும் பெரிய வழிகளில் ஒன்றாகிவிட்டது. மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் கற்பிக்கிற நாம் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எந்தப் பாடத்தை, எதற்காக, யாருடைய துணையோடு மாணவர் எடுக்கிறார் என்பதே இத்திட்டத்தின் வெற்றியையும் சறுக்கலையும் தீர்மானிக்கிறது.

இதன் வரலாறு நீண்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955-லேயே தன் பாடங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் அதே வழியில் இறங்கியது. ஆனால், இது மாணவரின் உரிமையாக மாறியது 1985-இல். ஆளுநர் ரூடி பெர்பிச் காலத்தில் மினசோட்டா மாநிலம் இயற்றிய சட்டம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரியில் போய்ப் படிக்கலாம், கட்டணத்தை அரசு ஏற்கும் என்றது. வாஷிங்டன் மாநிலத்தின் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ 1990-களின் தொடக்கத்திலும், ஓஹையோவின் ‘காலேஜ் கிரெடிட் பிளஸ்’ 2015-லும் வந்தன.

இன்று மூன்று வடிவங்கள் பரவலாக உள்ளன. முதலாவதில், கல்லூரியின் ஒப்புதல் பெற்ற பள்ளி ஆசிரியரே, பள்ளி வகுப்பறையிலேயே, கல்லூரியின் பாடத்திட்டத்தை நடத்துகிறார். இரண்டாவதில், மாணவர் கல்லூரி வளாகத்துக்குப் போகிறார், அல்லது இணையவழியில் கல்லூரி வகுப்பில் சேருகிறார். மூன்றாவது, ‘எர்லி காலேஜ்’ எனப்படும் தனிப் பள்ளி. நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளில் பள்ளிச் சான்றிதழோடு இரண்டாண்டுப் பட்டத்தையும் பெற்றுவிடும்படி முழுப் பள்ளியும் திட்டமிடப்படுகிறது. வட கரோலைனாவில் மட்டும் இத்தகைய பள்ளிகள் நூற்றுக்கும் மேல்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ‘எர்லி காலேஜ்’ பள்ளிகள் பலவற்றில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இடம் கிடைத்தவர்களில் கல்லூரியில் சேர்ந்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் கூடுதலாக இருந்தார்கள். குலுக்கலில் திறமைக்கோ குடும்ப வசதிக்கோ பங்கில்லை. ஆகவே இந்த வேறுபாடு பள்ளியால் வந்தது என்று நம்பிச் சொல்லலாம். மாணவரை மதிப்பிடும் முறையிலும் ஒரு நன்மை உண்டு. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ பாடங்களில், கல்லூரி கிரெடிட் கிடைக்குமா என்பது பெரும்பாலும் மே மாதத்தில் எழுதும் ஒரே தேர்வையும், அதற்குத் தரப்படும் ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பெண்ணையும் பொறுத்தது. டூயல் கிரெடிட்டில் ஒரு பருவம் முழுவதும் எழுதிய கட்டுரை, செய்த சோதனை, எழுதிய தேர்வு எல்லாம் சேர்ந்துதான் கிரேடு ஆகிறது. ஒரு நாள் பதற்றத்தால் ஓராண்டு உழைப்பு வீணாவதில்லை.

ஆனால், ‘எர்லி காலேஜ்’ பள்ளியில் கிடைத்த பலன், எங்கோ ஓர் ஊரில் தனியாக ஒரு பாடம் எடுக்கும் மாணவருக்கும் தானாகவே கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. அந்தப் பள்ளிகளில் பாடங்கள் ஒரு வரிசையில் கோக்கப்பட்டிருந்தன. ஆசிரியரும் ஆலோசகரும் மாணவரை விடாமல் கவனித்தார்கள். மற்ற இடங்களில் பள்ளியால் எதைத் தர முடிகிறதோ, எது கால அட்டவணையில் பொருந்துகிறதோ, அதையே மாணவர் எடுக்கிறார். இலக்கின்றிச் சேரும் கிரெடிட் பிறகு பயன்படாமல் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பொறியியல் படிக்க விரும்பும் மாணவர், பள்ளியில் கிடைத்தது என்பதற்காகக் கல்லூரி இயற்கணிதப் பாடம் எடுக்கிறார். பொறியியல் பட்டத்தில் கணிதம் நுண்கணிதத்திலிருந்துதான் கணக்காகும். எடுத்த மூன்று கிரெடிட்டும் விருப்பப் பாடக் கணக்கில் ஒதுங்கிவிடும்; சில இடங்களில் அதுவும் இல்லை. இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். பள்ளியிலேயே முப்பது கிரெடிட் சேர்த்துவிட்டேன், ஓராண்டு மிச்சம் என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. அந்த முப்பதில் எத்தனை, தேர்ந்தெடுத்த பட்டத்துக்குள் பொருந்தும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. டெக்சஸ் மாநிலம் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவாக 42 கிரெடிட் கொண்ட அடிப்படைப் பாடத்தொகுப்பை வைத்திருக்கிறது. இண்டியானா 30 கிரெடிட் தொகுப்பை வைத்திருக்கிறது. இவற்றுக்குள் எடுத்த பாடம் அந்த மாநில அரசுக் கல்லூரிகளில் செல்லும். வெளிமாநிலத்துக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போகிறவருக்கு அந்த உறுதி இல்லை. பள்ளிச் சான்றிதழுக்குக் கணக்கான பாடத்தை மறுபடி ஏற்க மாட்டோம் என்று சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்கள் அங்கு உண்டு.

இதைவிடக் கவலைக்குரியது கிரேடு. பதினாறு வயதில் வாங்கும் ‘டி’ அல்லது ‘எஃப்’ அந்த மாணவரின் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிலைத்துவிடுகிறது. பிறகு அவர் கூட்டரசின் கல்வி உதவித்தொகை கேட்கும்போது, எடுத்த கிரெடிட்டுகளில் எத்தனை பங்கை வெற்றிகரமாக முடித்தார் என்று கல்லூரி கணக்கிடும். பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும். பள்ளிக் காலத்தில் பாதியில் கைவிட்ட பாடமும் அந்தக் கணக்கில் வரக்கூடும். உதவித்தொகை இல்லாமல் படிக்கவே முடியாத பிள்ளைக்கு, எவரும் எச்சரிக்காமல் எடுத்த ஒரு பாடம் பின்னாளில் கதவை அடைத்துவிடலாம். அதோடு, மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கல்லூரிப் பதிவேடுகள் மீதான உரிமை பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் மாணவருடையதே. பெற்றோர் விசாரித்தால் கல்லூரி பதில் சொல்லாமல் இருக்கலாம். தவறுகிற பிள்ளையை முதலில் கண்டுகொள்ளும் பொறுப்பு பள்ளியில் இருப்பவர்கள் மேல்தான் விழுகிறது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்கிறது. நாட்டின் சராசரி அதைவிட மிக அதிகம்.

ஆசிரியர் தகுதி அடுத்த சிக்கல். கல்லூரிப் பாடம் நடத்துபவருக்கு முதுகலைப் பட்டமும், அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட்டும் வேண்டும் என்பது தரமதிப்பீட்டு அமைப்புகள் பலவற்றின் நடைமுறையாக இருந்துவந்தது. நடுமேற்கு மாநிலங்களை உள்ளடக்கிய உயர்கல்வி ஆணையம் 2015-இல் இதை அழுத்திச் சொன்னபோது, கல்வியியலில் முதுகலை முடித்த அனுபவமிக்க ஆசிரியர்கள் பலர் தகுதியற்றவர்கள் ஆனார்கள். அடி அதிகம் விழுந்தது கிராமப்புறப் பள்ளிகளுக்கு. தகுதி பெறுவதற்கான கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தரத்தைத் தளர்த்தச் சொல்வதற்கில்லை. கல்லூரிப் பேராசிரியர் பள்ளி ஆசிரியரோடு பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் மதிப்பிட்ட விடைத்தாள்களையும் பகிர்ந்துகொண்டு, வகுப்பை நேரில் வந்து பார்த்தால், இரு இடத்து ‘ஏ’ கிரேடும் ஒரே பொருள் பெறும். இத்திட்டங்களுக்காக 1999-இல் உருவான தேசியக் கூட்டமைப்பு தன் அங்கீகாரத்துக்கு இதையே அளவுகோலாக வைத்திருக்கிறது.

இனி, யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி. கட்டணம், புத்தகச் செலவு, கல்லூரிக்குப் போய்வரும் வண்டி, நுழைவுத் தகுதித் தேர்வு ஆகிய நான்கும் ஏழைப் பிள்ளைகளை வடிகட்டிவிடுகின்றன. கூட்டரசின் ‘பெல்’ உதவித்தொகை பள்ளி மாணவர்களுக்கு இல்லை. 2016-இல் 44 கல்லூரிகளில் சோதனை அடிப்படையில் அதைத் திறந்து பார்த்தார்கள். டெக்சஸ் 2023-இல் சட்டம் இயற்றி, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகள் அச்சட்டம் உருவாக்கிய திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் டூயல் கிரெடிட் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்க வழி செய்தது. மதிய உணவுத் தகுதியையே அளவுகோலாக்கியது சிறப்பு: குடும்பம் தன் வறுமையை இன்னொரு முறை நிரூபிக்க அலைய வேண்டியதில்லை.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே உள்ள கோடு மனிதர் போட்டது என்பது நமக்குப் புதிதல்ல. 1978-இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு கல்லூரியில்தான் இருந்தது. இன்று நம் மேல்நிலை வகுப்புகளில் முதுகலை ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். அமெரிக்கக் கிராமப் பள்ளி தேடித் திண்டாடுகிற தகுதி நம்மிடம் இருக்கிறது. கல்லூரிப் பாடங்களைப் பள்ளிக்குள் கொண்டுவரும் யோசனை இங்கு எழுமானால், கல்வித் தகுதியைக் காரணம் காட்டித் தயங்க வேண்டியதில்லை. ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் உறுதியான கருத்து இது. எத்தனை மாணவர் சேர்ந்தார், எத்தனை கிரெடிட் பெற்றார் என்பதை வைத்து இத்திட்டங்களை அளப்பதை நிறுத்த வேண்டும். சேர்ந்த கிரெடிட்டில் எத்தனை, மாணவர் தேர்ந்த பட்டத்தில் கணக்காயின என்று ஒவ்வொரு பள்ளியும் கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முதல் பாடத்துக்குப் பதிவு செய்யும் முன், மாணவரும் பெற்றோரும் ஆலோசகரும் ஒரே மேசையில் அமர்ந்து, இந்தப் பாடம் எங்கே கொண்டுபோகும், தவறினால் என்ன ஆகும், எந்தத் தேதிவரை பாதிப்பின்றி விலகலாம் என்ற மூன்றையும் பேசி முடிக்க வேண்டும். பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியருக்கும் பொறுப்பேற்கும் பேராசிரியருக்கும் சந்தித்துப் பேச ஊதியத்தோடு நேரம் ஒதுக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. நிர்வாகத்தின் அக்கறை தேவை. கல்லூரி என்பது தன் வீட்டில் எவரும் பார்த்திராத இடமாக இருக்கும் பிள்ளைக்கு, பள்ளியிலேயே ஒரு கல்லூரிப் பாடத்தை முடித்துக்காட்டுவது வாழ்க்கையின் திசையையே மாற்றக்கூடியது. அத்தகைய பிள்ளையை நம்பி வகுப்புக்குள் அழைத்த ஆசிரியர்கள், அவர் பெற்ற கிரெடிட் அவருக்கு உதவும்வரை பொறுப்பிலிருந்து விலகக் கூடாது.