கண்ணுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி

சென்ற விடுமுறையின்போது எம் தமையனாரின் புதல்வன் தன் கணினியின் முன் எம்மை அழைத்து அமர்த்தினான். "சித்தப்பா, இதைப் பாருங்கோ, படம் மாதிரியே இருக்கும்" என்றான். அவன் காட்டியது 2015ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ் பட்டில்பிரண்ட்' என்னும் விளையாட்டு. அவன் கூற்று மிகையன்று. வெண்பனி வெளியிலே நாற்கால் யானைகளை யொத்த இயந்திரங்கள் அசைந்து வரக் கண்டு, நரை தோன்றிய நாமும் சிறுவராகி வியந்தோம்.

அவ்வழகு எளிதில் வந்ததன்று. சுவீடன் நாட்டின் 'டைஸ்' நிறுவனத்தார் இதனை ஆக்கினர். பழைய திரைப்படங்களிற் பயன்பட்ட உடைகளையும் ஆயுதங்களையும் பல கோணங்களிற் படம்பிடித்து, அப்படங்களிலிருந்து பொருள்களின் வடிவைக் கணினியாற் கணித்தெடுத்தனர். பனிக்கோளுக்கு நோர்வே நாட்டுப் பனிவெளியும், காட்டுக்கோளுக்குக் கலிபோர்னியாவின் செம்மரக் காடும் திரைப்படத்திலே களங்களாக நின்றவை. அவற்றின் சாயல் விளையாட்டிலும் வழுவாது அமைந்துள்ளது. இவ்வுழைப்பைப் போற்றாதிருத்தல் நன்றியின்மையாகும்.

ஆயினும், ஒரு மணி நேரம் கழிந்தபின் நாம் அவனை வினவினோம்: "தம்பி, இவர்கள் எதற்காகப் போர் புரிகின்றனர்?" அவன் சிறிது தயங்கி, "அது தெரியேல்லைச் சித்தப்பா, சுடவேணும், அவ்வளவுதான்" என்றான்.

அவ்விளையாட்டைப் பற்றி உலகோர் கூறிய குறையும் இதுவே. கதை வழியாகத் தனியொருவர் ஆடிச் செல்லும் பகுதி அதில் இல்லை. தனித்து ஆடுவோர்க்குச் சில பயிற்சிகளும் சிறு போர்களுமே உண்டு. வெளிவந்தபோது இருந்தவை நான்கு கோள்கள். அவற்றிலே நாற்பது பேர் வரை இரு படையாகிச் சுட்டுக்கொள்வர். மேலும் களங்கள் வேண்டின், அன்று அறுபது டொலர் விளையாட்டுக்கு மேலாக ஐம்பது டொலர் கொடுத்து அனுமதி பெறல் வேண்டியிருந்தது. இதே பெயரில் 2005இல் வந்த விளையாட்டிலோ கதைப்பகுதியும் விண்வெளிப் போரும் இருந்தன. பத்தாண்டில் அழகு வளர்ந்தது, உள்ளீடு குறைந்தது.

காரணம் யாது? அவ்வாண்டு டிசம்பரில் அத்தொடரின் புதிய திரைப்படம் வெளிவர இருந்தது. அதனோடு ஒருங்கே விளையாட்டும் வரவேண்டும் என்பதற்காகவே கதைப்பகுதியை விடுத்தனர் என்பதை வெளியீட்டாளர் தரப்பினரே பின்னர் ஒப்புக்கொண்டனர். ஆக்கத்தின் நிறைவை அன்றிச் சந்தையின் நாட்காட்டியை நோக்கினர் போலும். எனினும் 2016 மார்ச்சுக்குள் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் சென்றன. அழகு மட்டுமே விலைபோகுமாயின் ஆழத்துக்காக உழைப்பவர் யார்?

2017இல் வந்த அடுத்த பாகத்திலே கதை சேர்ந்தது. ஆனால், பரிசுப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிப் பலம் பெறும் முறையும் சேர்ந்தது. ஆடுவோர் வெகுண்டெழவே, வெளியீட்டு வேளையிற்றானே காசு கொள்வதை நிறுத்திவைத்தனர். வாங்குவோர் வாய்திறந்தால் விற்போர் செவிசாய்ப்பர் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

மாணவர்களே, விளையாடற்க என்று நாம் கூறவில்லை. பெற்றோரும், பார்த்த அளவிலே மயங்கி வாங்குதலும் பாராமலே கடிதலும் ஆகிய இரண்டையும் தவிர்த்தல் நன்று. அழகை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மரக்காய்களுக்குப் பதிலாகக் கூழாங்கற்களை வைத்து ஆடினும் சதுரங்கம் சதுரங்கமே.

இவ்வறிவுரைக்கு நாமும் விலக்கல்லோம். விடைத்தாள் திருத்தும்போது முத்துப்போன்ற கையெழுத்தையும் அடுக்குமொழியையும் கண்டு, உள்ளே கருத்திருக்கிறதா என்று பாராமலே புள்ளி வழங்கிய நாள்கள் உண்டு. வீடு திரும்பிய அன்றிரவு, மேசைமீதிருந்த கட்டின் முதல் தாளை இரண்டாம் முறையும் வாசித்தோம்.