ஒரு ‘ங்க’வின் விலை

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை. எட்டு வீடு, ஒரு போர், ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால் ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று விழுந்துவிடுகிறது. பால்காரர் எண்ணுக்கு அடுத்தபடியாக எட்டு வீட்டுக் கைபேசியிலும் இருக்கிற எண் மோட்டார்காரருடையதுதான். கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கினார்.

பேனல் பெட்டியைத் திறந்தார். முகர்ந்து பார்த்தார். டெஸ்டரை வைத்தார், மெக்கரைச் சுற்றினார். “கான்டாக்டர் கருகிக் கெடக்குது. ஒரு பேஸ் வராமயே ஓடியிருக்குதுங்க சார். காயில் போயிருச்சு, தூக்கித்தான் ஆகணும்” என்றார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். பிறகு இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு செயின் பிளாக் கட்டி, குழாய் குழாயாகக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

அத்தனையையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் முதல் மாடி வீட்டுப் பையன். பி.இ. மின்னியல் படித்தவன். படிப்பு முடிந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறான். மோட்டார்காரர் அவனிடம், “தம்பி, அந்தப் பதினெட்டு – பத்தொன்பது ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க” என்றார். அதே நேரம் மேலே பால்கனியிலிருந்து பையனின் அம்மா மோட்டார்காரரிடம் கேட்டார்: “ஏப்பா, சாயங்காலத்துக்குள்ள தண்ணி வந்துருமா?”

கோயம்புத்தூர்க்காரர்களின் ‘ங்க’ ஊரறிந்த விஷயம். நாங்கள் நாயைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவோம் என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், தலை நரைத்த தொழில்காரர் 23 வயதுப் பையனுக்கு ‘கொடுங்க’ என்கிறார். எட்டு வீட்டுக்காரர்களும் அந்தத் தொழில்காரருக்கு ‘வாப்பா’ என்கிறோம். நானும்தான், பத்து வருஷமாக. என் கைபேசியில் அவருக்குப் பெயர்கூட இல்லை. ‘மோட்டார்’ என்று பதிந்து வைத்திருக்கிறேன்.

இது மே மாதம். பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு கேள்விகளும் வருகின்றன. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னிடமும் கேட்கிறார்கள். “பையனை எதுல சேர்க்கலாம்? டிகிரி படிச்சு என்னங்க பிரயோஜனம், ஏதாவது கைத்தொழில் கத்துக்கிட்டாலாவது பொழைச்சுக்குவான் இல்ல?” பிளம்பர் இன்ஜினியரைவிட அதிகம் சம்பாதிக்கிறார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் ஆண்டுதோறும் இந்த மாதத்தில் திவசம் போலத் தவறாமல் வந்துவிடுகிறது.

பட்டம் வேலைக்கு உத்தரவாதம் தராது என்பதை நிரூபிக்க வாட்ஸ்அப் வேண்டியதில்லை. 2019இல் தமிழ்நாடு சட்டப்பேரவைச் செயலகத்தில் துப்புரவுப் பணிக்கு 14 இடங்கள் அறிவித்தார்கள். வந்த விண்ணப்பங்கள் நாலாயிரத்துக்கு மேல். அதில் பொறியியல் பட்டதாரிகளும் எம்.பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அந்தத் தேர்வில் பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எங்கள் முதல் மாடிப் பையன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு படித்த ஆறு வருஷமும் அந்தக் கணக்கில் சேராது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. 2022ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம்தான் என்றது அது. “பார்த்தீர்களா, படிக்காதவனுக்குத்தான் வேலை கிடைக்கிறது” என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலையில்லாமல் இருந்தால் அன்றைக்கு அடுப்பெரியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். கணக்கெடுப்பில் ‘வேலை உள்ளவர்’ ஆகிவிடுகிறார். இரண்டு வருஷம் வீட்டிலிருந்து நல்ல வேலைக்குக் காத்திருப்பது, அப்பாவுக்குச் சம்பளமோ அம்மாவுக்கு நகையோ இருக்கிற வீட்டில்தான் முடியும். நல்ல வேலையில் அமர்ந்துவிட்ட பட்டதாரியின் வருமானம், சராசரியில் பார்த்தால், இன்றைக்கும் கைத்தொழில்காரரின் வருமானத்தைவிட மேலேதான் இருக்கிறது. அமரும் வரைதான் பாடு.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே ஜி.டி. நாயுடுவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர். 1937இல் நாட்டின் முதல் மின் மோட்டார் அவர் பட்டறையிலிருந்து வந்தது. இதுவரை சரி. மிச்சக் கதையை யாரும் சொல்வதில்லை. படிக்காமல் ஜெயித்த அந்த மனிதர்தான் 1945இல் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் எழக் காரணமாக இருந்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வராகவும் நாயுடு இருந்தார். பொறியியலைக் கற்றுக்கொடுக்க நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதுமே என்பது அவர் வாதம். வெள்ளைக்கார அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டுப் போனார். அவருடைய சண்டை படிப்போடு இல்லை. படிப்பில் வீணாகும் வருஷங்களோடுதான் சண்டை.

அப்படியானால் கைத்தொழில் உத்தரவாதம் தருகிறதா? இதை மோட்டார்காரரிடமே கேட்டேன். காயில் கட்ட மோட்டாரைப் பட்டறைக்கு எடுத்துப் போனவர், மறுநாள் சாயங்காலம் அதை இறக்கி ஓட்டிவிட்டு, திண்ணையில் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார்.

“ஒரு மாசம் அம்பதாயிரம்கூட வரும் சார். ஒரு மாசம் பதினஞ்சு தேறாது. மழை நல்லாப் பேஞ்சு ஊரு செழிச்சா எங்களுக்குப் பஞ்சம். வெயில் காஞ்சாத்தான் மோட்டார் ஓடும், ஓடுனாத்தான் காயில் போகும்” என்று சிரித்தார். சின்ன மோட்டார் என்றால் காயில் கட்டுகிற காசோடு கொஞ்சம் போட்டுப் புதிதே வாங்கிவிடுகிறார்களாம். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. குழாய் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. பெல்ட் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார். பிளம்பர் லட்சம் சம்பாதிக்கிறார் என்னும் அந்த வாட்ஸ்அப் செய்தியில் இந்த இடுப்பு பெல்ட் வராது.

ஆனாலும் அந்தத் தொழிலைப் பற்றி அவருக்குக் குறையில்லை. அப்பா தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். இவர் பதினாலு வயதில் கணபதிப் பகுதியில் ஒரு காயில் கடையில் போய் நின்றார். தோட்டத்துக்காரர் வீட்டு வாசலிலிருந்து தன்னை வெளியே கொண்டுவந்தது அந்தக் கடைதான் என்றார். சிலருக்குப் பட்டம் செய்கிற காரியத்தை அவருக்குச் செம்புக் கம்பி செய்திருக்கிறது.

தொழில் கற்றுக்கொள் என்ற அறிவுரையைத் தமிழ்நாடு ஏன் எப்போதும் சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதற்கு விடை, அப்பாவின் தொழிலை விட்டு அவர் வெளியேறிய இந்தக் கதையில்தான் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நினைவிருக்கும். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்யும் தொழில். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு வந்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து அதே வாதம் திரும்பி வந்தது. 2023இல் ஒன்றிய அரசு 18 கைவினைத் தொழில்களுக்குக் கடன் தரும் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 18 வயதிலேயே சேரலாம் என்பதையும் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. குடும்ப நிபந்தனை இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 25 தொழில்களை வைத்து 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 18 வயதில் ஒரு பிள்ளை கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில் கடனைக் காட்டித் திருப்பி இழுக்காதே என்பதுதான் அந்த 35க்குப் பொருள்.

தொழிலைத் தேர்ந்தெடுப்பது வேறு, தொழிலுக்குப் பிறப்பது வேறு. ‘எல்லாரும் காலேஜுக்குப் போனால் குழாய் ரிப்பேருக்கு யார் வருவார்கள்?’ என்று கேட்கிறவர், தன் பிள்ளையை மனத்தில் வைத்துக் கேட்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை, அதிலும் எந்தத் தெருவில் இருக்கிற அடுத்த வீடு என்பதை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்.

பட்டத்தை நாம் இப்படித் துரத்தியதற்கு வருந்த ஒன்றுமில்லை. 1984இல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 2007இல் நுழைவுத் தேர்வு போனது. 2010இலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. பொறியியல் கல்லூரிகள் ஒரு கட்டத்தில் 500ஐத் தாண்டின. 2021–22 கணக்குப்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அந்த 47இல் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டம் இருக்கிறது. குறை, தரம் பார்க்காமல் கல்லூரி திறந்தவர்களிடமும், இன்ஜினியருக்கு எட்டு வருஷம் முன்பு கொடுத்த சம்பளத்தையே இன்றைக்கும் நீட்டும் நிறுவனங்களிடமும் இருக்கிறது.

மோட்டார்காரருக்கு ஒரு மகள். இந்த வருஷம் பிளஸ் டூ. என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். வாயில் அன்றைக்கு ‘போகிறீர்கள்’ என்றே வந்தது, எப்படியோ.

“பி.இ., ட்ரிபிள் ஈ சார்.”

“மோட்டார் படிப்பா? அதைத்தான் நீங்களே சொல்லித் தந்துவிடலாமே.”

“சொல்லித் தந்துட்டனுங்க. லீவுல காயில் கட்டுவா, என்னைவிடச் சுத்தமாக் கட்டுவா. அது இல்லீங்க சார். நாளைக்கு இதே பேனல் முன்னாடி நான் நின்னா ‘ஏப்பா, என்னாச்சு’ம்பாங்க. அவ நின்னா ‘மேடம், சொல்லுங்க’ம்பாங்க. மோட்டார் அதே மோட்டார்தான்.”

பட்டம் வேலைக்கு உத்தரவாதம் தராது. சம்பளத்துக்கும் தராது. நம் ஊரில் அது உறுதியாகத் தருவது ஒரு விகுதியை. அந்த ‘ங்க’வை வாங்கத்தான் நாலு வருஷமும், அடகு வைத்த நகையும், வங்கிக் கடனும். மோட்டார்காரர் கணக்குத் தெரியாதவர் இல்லை. மகளுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துதான் பணம் கட்டப் போகிறார்.

கேள்வி கேட்ட பெற்றோருக்கு ஒரு தகவல். இதை இரண்டு பாதைகளாக நினைக்க வேண்டியதில்லை. இடையில் படிக்கட்டு இருக்கிறது. இரண்டு வருஷ ஐடிஐ படிப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எலக்ட்ரீசியன், ஃபிட்டர் எல்லாம் இரண்டு வருஷப் படிப்பு, வெல்டர் ஒரு வருஷம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அங்கே சேரும் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. கையில் ஒரு தொழிலோடு மேலே ஏறுகிறவன், ஏற முடியாமல் நின்றாலும் நின்ற படியிலேயே பிழைத்துக்கொள்வான். பிள்ளைக்கு அதில் விருப்பம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மார்க் குறைந்ததற்குத் தண்டனையாக ஐடிஐயில் சேர்க்காதீர்கள். தண்டனையாகக் கற்ற தொழிலுக்கு அவனும் மரியாதை தரமாட்டான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைத்தொழிலுக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று இனி புலம்புகிறவர்கள், கடைசியாக வீட்டுக்கு வந்த எலக்ட்ரீசியனை என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். நான் என் கைபேசியில் ‘மோட்டார்’ என்பதை அழித்துவிட்டு அவர் பெயரைப் பதிந்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்து, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.