கொல்லிமலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் இறங்குவது எப்போது?



சனி, ஞாயிறுகளில் ராசிபுரம் – ஆத்தூர் சாலையில் நம் கடைத்தெருவைக் கடந்து போகும் வேன்களையும் கார்களையும் கவனித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் அவர்கள். காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதற்குப் பயந்தவர்களும், அந்தப் பக்கம் மண்சரிவு ஏற்பட்ட நாட்களில் திருப்பி விடப்பட்டவர்களும் நம் வழியாக வருகிறார்கள். வருகிறார்களே தவிர, நிற்பதில்லை. நின்றாலும் ஒரு டீ, ஒரு தண்ணீர் பாட்டில், அதோடு சரி. ராசிபுரத்தில் சாப்பிட்டு, மலையில் பழம் வாங்கி, சேலத்தில் தங்குகிறார்கள். நடுவில் இருக்கும் நமக்குக் கிடைப்பது புழுதிதான்.

சுற்றுலா என்றால் அது அரசாங்கத்தின் வேலை, லாட்ஜ்காரர் வேலை, மண்டிக்காரனுக்கும் மளிகைக்காரனுக்கும் அதில் என்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாநாடு என்றால் கட்சிக்காரர் வேலை என்று நினைக்கிறோம். இந்த இரண்டையும் உலகத்தில் முதலில் தொழிலாக நினைத்தவர்கள் வணிகர்கள்தான் என்பதைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 1896 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையாளர் எழுதினார்: நம் நகரத்துக்குக் கூட்டங்களும் மாநாடுகளும் தாமாகவே வருகின்றன, நாம் போய் அழைத்தால் இன்னும் எத்தனை வரும் என்று. அதைப் படித்த வியாபாரிகளும் ஓட்டல்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரு சங்கம் வைத்து, ஊர் ஊராகப் போய் மாநாடுகளைப் பிடித்து வருவதற்கென்றே ஆள் போட்டார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாமே பத்திரிகை வைத்து அழைப்பது போலத்தான். இன்று உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் இந்த ஏற்பாடு இருக்கிறது. விதை போட்டது கடைக்காரர்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரைப் பாருங்கள். கொடிசியா என்பது 1969-ல் சிறுதொழில் செய்பவர்கள் தொடங்கிய சங்கம். அவினாசி ரோட்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்காட்சி வளாகம் அந்தச் சங்கத்தின் சொந்தச் சொத்து. இயந்திரக் கண்காட்சி, விவசாயக் கண்காட்சி, புத்தகக் கண்காட்சி என்று ஒன்று மாற்றி ஒன்று நடக்கிறது. 2010 ஜூன் மாதம் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும் அங்கேதான். பட்டறை வைத்திருந்தவர்கள் கூடிச் செய்த காரியத்தால் ஆட்டோக்காரர், பூக்காரர், சலவைக்காரர் வரை பிழைப்பு நடக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்து வர்த்தக மையம் மத்திய, மாநில நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து நடத்துவது. அது தலைநகரத்துக்கு உரிய அளவு. நமக்குக் கோவைதான் பாடம்.

நம் இனத்துக்கே மாநாட்டின் அருமை தெரியும். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை அடைத்துவிட்டுப் போகிறோமே, 2023-ல் ஈரோடு, 2024-ல் மதுரை. போன ஊரில் நாம் ஒவ்வொருவரும் என்ன செலவு செய்தோம்? சாப்பாடு, அறை, வீட்டுக்கு ஏதாவது பலகாரம், மதுரை என்றால் ஒரு சுங்குடிச் சேலை. அந்த ஊர் வியாபாரிக்கு அது லாபம். நாம் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம், நம் ஊருக்கு யாரையும் அழைத்ததில்லை.

உடனே ஒரு கேள்வி வரும். நாமகிரிப்பேட்டை ஒரு பேரூராட்சி. இங்கே யார் மாநாடு நடத்துவார்கள்? லட்சம் பேர் கூடும் மாநாட்டை நான் சொல்லவில்லை. நூறு பேர், நூற்றைம்பது பேர் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவதும் மாநாடுதான். அதற்கு வேண்டியது ஒரு மண்டபம், நல்ல சாப்பாடு, வண்டி நிறுத்த இடம், சுத்தமான கழிப்பிடம். மண்டபத்துக்குப் புதிதாகச் செங்கல் வைக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் ராசிபுரம் வரையிலும் இருக்கும் கல்யாண மண்டபங்கள் ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கின்றன. மின்கட்டணமும் வாட்ச்மேன் சம்பளமும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு மாதம்தான் நமக்கு வாய்ப்பு.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்கு ஆடி 17, 18 தேதிகளில் மலைமேல் செம்மேட்டில் அரசு விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி எல்லாம் உண்டு. அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கவும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி 300 அடி உயர ஆகாய கங்கையில் குளிக்கவும் அந்த நாட்களில் ஜனங்கள் திரளாக வருகிறார்கள். மேலே அவ்வளவு பேருக்குத் தங்க இடம் கிடையாது. கீழே நம் மண்டபங்கள் காலி. ஒரு பாய், ஒரு வாளி வெந்நீர், காலையில் இட்லி என்று ஒரு குடும்பத்துக்கு நியாயமான வாடகை வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்பார்களா? அந்தக் காலத்தில் சத்திரம் கட்டியவர்கள் வணிகர்கள்தானே. அவர்கள் தர்மத்துக்குச் செய்தார்கள், நாம் வாடகைக்குச் செய்வோம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மார்கழி விஷயம் இன்னும் முக்கியம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வயிற்றுப் பிழைப்பு.

நாமகிரிப்பேட்டை என்றால் மஞ்சள். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டைகள் வரும்போது ஈரோட்டு வியாபாரிகளும் இங்கே வந்து விலை போடுகிறார்கள். ஆனால் வெளியுலகத்தில் மஞ்சளுக்குப் பெயர் ஈரோடு. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தெலுங்கானாவில் நிஜாமாபாத்துக்குப் போனது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் குறியீடு கிடைத்தது. நம்மைச் சுற்றி இருக்கும் சேகோ ஆலைகளுக்கு அதில் பங்கு உண்டு என்பது ஒரு ஆறுதல். மஞ்சளில் நாம் பெயர் இல்லாமல் சரக்கு மட்டும் கொடுக்கிறவர்களாக இருந்துகொண்டிருக்கிறோம். நாற்பது ஆண்டுகளாக மஞ்சள் மண்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் இல்லாத சரக்குக்கு விலையை வாங்குகிறவன்தான் சொல்வான்.

மஞ்சள் தை பிறந்ததும் வெட்டுக்கு வரும். மார்கழியில் பயிர் வயலில் நிற்கும். அந்தச் சமயத்தில் மசாலாக் கம்பெனிக்காரர், மருந்துச் சரக்கு வாங்குகிறவர், வடநாட்டு மொத்த வியாபாரி, ஏற்றுமதியாளர் என்று நூறு பேரை அழைத்து இரண்டு நாள் வைத்துக்கொண்டால் என்ன? முதல் நாள் காலை வயலைக் காட்டுவோம். எந்த மண், எந்த ரகம், மருந்து எவ்வளவு அடித்தது என்று விவசாயியே சொல்லட்டும். பிற்பகல் மண்டபத்தில் வேக வைப்பது, காய வைப்பது, பாலீஷ் போடுவது பற்றிப் பேச்சு. மறுநாள் மலைக்கு அழைத்துப் போய் மிளகையும் காப்பியையும் காட்டுவோம். சோளக்காடு சந்தையைப் பார்த்தவன் பலாவையும் அன்னாசியையும் மறக்க மாட்டான். வந்தவர் திரும்பிப் போகும்போது அவர் கையில் நம் ஊர் மாதிரிச் சரக்கும், விலாசமும் இருக்கும். தை மாத ஏலத்தில் அதில் பத்துப் பேர் ஆள் அனுப்பினாலே போதும், விலை நிலவரம் வேறாக இருக்கும். ஏலத்தில் ஒரு கை கூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்கழிக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. சென்னையில் சங்கீத சீசன் நடக்கும் மாதம் அது. 1981-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பெயரில் நம் ஊர் சேர்ந்தே இருக்கிறது. 2001-ல் அவர் மறைந்துவிட்டாலும், கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் விடியற்காலையில் அவருடைய நாதஸ்வர ஒலிநாடா இல்லாமல் ஒரு தலைமுறைக்குப் பொழுது விடிந்ததில்லை. மஞ்சள் மாநாட்டு இரவில் இரண்டு நாதஸ்வரக் கச்சேரி வைத்தால் பொருத்தமாக இருக்கும். வேறு ஊராக இருந்தால் இந்தப் பெயரை வைத்தே ஒரு விழா நடத்தியிருப்பார்கள்.

தனியாக நாம் மட்டும் இதைச் செய்ய முடியாது. கூட்டுறவு விற்பனைச் சங்கம் இல்லாமல் ஏலம் இல்லை. விவசாயிகள் வர வேண்டும். மண்டபக்காரர், ஓட்டல்காரர், வேன் வைத்திருப்பவர், பேரூராட்சி, மலைமேல் இருக்கும் பழங்குடி மக்கள் எல்லோரும் சேர வேண்டும். நாமக்கல்லையும் விடக்கூடாது. நரசிம்மர் கோயில் குடைவரையும், கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரும், மலைக்கோட்டையும் அங்கே இருக்கின்றன. கணித மேதை ராமானுஜத்தின் குலதெய்வம் நாமகிரித் தாயார். கணக்கு வாத்தியார்கள் மாநாடு நடத்த இதைவிடப் பொருத்தமான மாவட்டம் எது? 2013 முதல் சேலம் – கரூர் பாதையில் ராசிபுரத்துக்குப் பயணிகள் ரயில் இருக்கிறது. 2023 அக்டோபரில் சேலம் விமான நிலையத்தில் விமான சேவை மறுபடியும் தொடங்கியது. தமிழக அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்திருக்கிறார்கள். வழி எல்லாம் போட்டாகிவிட்டது, அழைப்புத்தான் போகவில்லை.

செலவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் அனுமானம், நீங்கள் திருத்தலாம். நூறு பேர் இரண்டு நாள். தலைக்கு சாப்பாடு, தங்கல், வண்டி எல்லாம் 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். வருகிறவரிடம் பாதி கட்டணம் வாங்கலாம், யோசிக்காமல் கொடுப்பார்கள். மீதி ஒன்றரை லட்சம். 150 கடை தலைக்கு 1,000 ரூபாய் போட்டால் முடிந்தது. அந்த 3 லட்சமும் மறுபடி நம் தெருவிலேயே அரிசியாகவும், எண்ணெயாகவும், பூவாகவும், டீசலாகவும் செலவாகிறது. நன்கொடை என்று இதைச் சொல்ல மாட்டேன்.

சில நண்பர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். டூரிஸ்ட் கூட்டம் வந்தால் குடித்துவிட்டு ரகளை செய்வார்கள், குப்பை போடுவார்கள், மலை கெட்டுப்போகும் என்று. இதில் உண்மை இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் மலைப்பாதை ஓரத்தில் கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அது பெரும்பாலும் கீழே இருக்கும் நம் போன்ற கடைகளிலிருந்து போனதுதான். சும்மா வந்து போகிற கூட்டத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. நாம் அழைத்து வருகிற கூட்டத்தை முடியும். அதனால்தான் எண்ணிக்கையை விட எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைத்தேன் என்று வெல்லப்பாகு, கொல்லிமலை மிளகு என்று பப்பாளி விதை கலந்த மிளகு, சாயம் ஏற்றிய மஞ்சள்தூள், வெளியூர்க்காரர் என்றால் ஒரு விலை, உள்ளூர்க்காரர் என்றால் ஒரு விலை. இவை மலைப்பாதைக் கடைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி ஏமாந்தவன் திரும்பி வரமாட்டான். போகிறவன் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். அதுபோலவே, மலையில் இருக்கும் மக்களிடம் பலாவையும் வாழையையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு, அவர்கள் மலையைக் காட்டி நாம் மாநாடு நடத்தினால் எத்தனை நாள் கதவைத் திறந்து வைப்பார்கள்? சங்கம் ஒரு முத்திரை வைக்கட்டும். அந்த முத்திரை இருக்கும் கடையில் விலைப் பலகை இருக்க வேண்டும், சரக்கைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், தவறு கண்டால் முத்திரையைப் பறிக்கலாம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். என் மண்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நம் கடைத்தெருவில் வெளியூர்ப் பெண்மணி ஒருவர் இறங்கினால் ஒதுங்கிப் போக ஒரு நல்ல கழிப்பிடம் வேண்டும். வேன்காரர்கள் நம் ஊரில் நிறுத்தாததற்கு முதல் காரணம் இதுதான் என்று டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பேரூராட்சி இடம் கொடுத்தால், கட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆள் போடுவதற்கும் சங்கம் பொறுப்பு ஏற்கலாம். ஐந்து ரூபாய் கட்டணம் வைத்தால் சம்பளம் தேறிவிடும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்குமாறு செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். மார்கழி மஞ்சள் கூட்டத்துக்கு யார் யாரை அழைக்கலாம் என்று ஒவ்வொரு மண்டிக்காரரும் தம்மிடம் கொள்முதல் செய்யும் ஐந்து வெளியூர் வியாபாரிகளின் பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு அன்றைக்கு வந்தால், பட்டியல் அன்றைக்கே தயாராகிவிடும்.