நாமும்தான் அனுப்பினோம்

2018 மே மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு: வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறது. யார் பார்த்தது என்று நாம் கேட்கவில்லை. சித்தப்பா அனுப்பினார், அவருக்கு ஆபீஸில் யாரோ அனுப்பினார்கள். சித்தப்பாவிடம் போய் ஆதாரம் கேட்பதா? "உண்மையோ பொய்யோ, எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்று ஒரு வரி சேர்த்து நாமும் தள்ளிவிட்டோம். அந்த வரியோடு நம் பொறுப்பும் கழன்றுவிட்டதாக நினைப்பு.

கூடவே ஒரு வீடியோ. பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். இது எந்த ஊர்த் தெரு என்றுகூட நமக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மாதமே, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். உடன் வந்தவர்களுக்கும் பலத்த காயம். வடநாட்டுக் கும்பலைத் தேடியவர்கள் கையில் சிக்கியது, குலசாமி கும்பிட வந்த சென்னைக் குடும்பம். குழந்தையைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுக்காத கிழவி நம் வீட்டில் யார்?

அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அனுப்பிய நம்மில் பெரும்பாலோரை யாரும் விசாரிக்கவில்லை. ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வரும் என்று வாட்ஸ்அப் அறிவித்தது. நாமாக நிறுத்தியிருக்க மாட்டோம்.

நமக்குச் சோதித்துப் பார்க்கத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. கொதித்துப் போனோம். இது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று ஒவ்வொரு காட்சியாகத் துருவினோம். வேறெங்கோ நடந்ததைத் திருப்பூர் என்கிறார்களே என்று ஆதாரத்தோடு அடித்துப் பேசினோம். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது, செய்தி பொய் என்று ஆனது. அப்போது பழி நம்மீது இருந்தது. 2018இல் அது முகம் தெரியாத யார்மீதோ இருந்தது.

அந்த மூதாட்டி செத்த செய்தியையும் அதே குழுக்களில்தான் பகிர்ந்தோம், "ஐயோ பாவம்" என்று போட்டு. முன்பு அனுப்பியது பொய் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.