ஒரு பெயருக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விரைவிலேயே ஏதாவது ஓர் ஆன்லைன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டி வரும். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் ஆங்கிலத்தில். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் பெரணமல்லூருக்கு அருகிலுள்ள ஆரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்துக்குப் பின் சிலர் 'ஏ' போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. ஆரணிப் பட்டு தேடுபவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சர்ச் என்ஜின் ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஆனால் பணம் அனுப்பும் சாஃப்ட்வேர் அப்படி ஊகிக்கும் என்று நம்ப முடியாது. ஆறுமுகம் என்ற நெசவாளரின் பெயர் வங்கிக் கணக்கில் 'ஜி' எழுத்துடனும், ஆதாரில் 'கே' எழுத்துடனும் இருந்தால், அவருக்கு வரவேண்டிய உதவித்தொகை தாமதமாகலாம்.

இதே 'கே, ஜி' குழப்பம் தென் கொரியாவிலும் இருந்தது. கொரிய மொழியை ஆங்கில எழுத்தில் எழுத அவர்கள் பயன்படுத்திய பழைய முறையில் எழுத்துக்களின் மேல் குறிகள் உண்டு. சாதாரண கீபோர்டில் அவற்றை டைப் செய்வது கஷ்டம். எனவே 2000-ம் ஆண்டில் அரசு புதிய முறையை அறிவித்தது. குறிகள் போயின. 'கே'யில் தொடங்கிய குவாங்ஜு நகரம் 'ஜி'க்கு மாறியது. சாலைப் பலகைகளை மாற்ற சில ஆண்டுகள் அவகாசமும் தந்தார்கள். ஆனால் ஏற்கெனவே பழகிப்போன ஆட்களின் பெயர்களையும் நிறுவனப் பெயர்களையும் மாற்றச் சொல்லவில்லை. ஹூண்டாய், சாம்சங் இரண்டும் இன்றும் பழைய ஸ்பெல்லிங்கில்தான் இருக்கின்றன.

நம் தமிழக அரசும் 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கை மாற்றி உத்தரவு வெளியிட்டது. வேலூருக்கு 'வி'யை அடுத்து இரண்டு 'இ' வந்தது. வெளியூர்க்காரர் அதை 'வீலூர்' என்றுதானே படிப்பார்? எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

என் கருத்து இதுதான்: நூற்றுக்கு நூறு சரியான ஸ்பெல்லிங் கிடைக்கவே கிடைக்காது. ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'என்' ஒன்றுதானே! சரியானதைத் தேடுவதைவிட, ஒன்றையே எல்லா இடத்திலும் எழுதுவதுதான் முக்கியம். எளிய அட்டவணை ஒன்றை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, அவகாசமும் கொடுத்து அரசு இதைச் செய்யலாம்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒவ்வொருவரின் பெயரும், ஊர்ப் பெயரும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். முடிவான ஸ்பெல்லிங்கை நோட்பேடில் ஒரு ஃபைலாகச் சேமித்து, விண்ணப்பங்களில் அங்கிருந்தே காப்பி-பேஸ்ட் செய்யுங்கள்.

இன்னொன்று. ஆங்கில எழுத்து வெளியாருக்காக மட்டும் இருக்கட்டும். கொரிய மொழி கற்க வரும் வெளிநாட்டவருக்கு ஆரம்பத்திலேயே ஹங்குல் எழுத்தைத்தான் சொல்லித் தருகிறார்கள். நாமோ சொந்த அம்மாவுக்கே 'சாப்பிட்டாச்சா' என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்புகிறோம்! விண்டோஸிலேயே தமிழ் 99 கீபோர்டு இருக்கிறது. தினம் அரை மணி நேரம் பழகுங்கள், சில வாரங்களில் கை தானாக ஓடும்.